ஆர்.வி.யை மூடிய கிடங்கில் நிறுத்துவதா, திறந்தவெளியிலா? முடிவெடுக்கும் முன் தெரிய வேண்டியவை

வட அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டில் மட்டும் 6,00,240 ஆர்.வி. வண்டிகள், அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பயண வீட்டு வண்டிகள், தொழிற்சாலைகளிலிருந்து விற்பனையாளர்களுக்குப் போயின. அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு போனதில்லை. கொரோனா காலத்தில் விமானமும் வேண்டாம், விடுதியும் வேண்டாம் என்று நினைத்த குடும்பங்கள் தேடித் தேடி வாங்கினார்கள். 2023 இல் அந்த எண்ணிக்கை 3,13,174 ஆக இறங்கிவிட்டது. ஆனால் அன்று விற்ற வண்டிகள் இன்றும் இருக்கின்றன. ஆண்டில் சில வாரங்கள் ஊர் சுற்றுகின்றன. மீதி நாளெல்லாம் எங்காவது நின்றுகொண்டிருக்கின்றன.

அந்த 'எங்காவது' எது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். டொராண்டோவைச் சுற்றியுள்ள நகராட்சிகள் பலவற்றில், பெரிய டிரெய்லரை வீட்டு முன்னால் டிரைவேயில் ஆண்டு முழுவதும் நிறுத்தத் துணைச்சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் குடியிருப்போர் சங்கங்களின் விதிகள் அதைவிடக் கண்டிப்பானவை. ஆகவே வாடகைக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. தேடினால் ஒரே ஊரில் ஒன்றுக்கு மற்றொன்று மூன்று மடங்கு வாடகை சொல்கிறது. "உள்ளே நிறுத்தினால் வண்டிக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதியைப் புரிந்துகொள்ள, நிற்கும் வண்டி எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடிப்படை: இது கார் இல்லை, சக்கரம் வைத்த மெல்லிய வீடு

ஆர்.வி. என்பது ஒரு குடும்பப் பெயர். அதற்குள் இரண்டு கிளைகள் உண்டு. எஞ்சினோடு தானே ஓடுபவை ஒன்று: பஸ் போன்ற 'கிளாஸ் ஏ', வேனுக்குள்ளேயே வீடு அமைத்த 'கிளாஸ் பி', ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் 'கிளாஸ் சி'. மற்றொன்று, வேறொரு வண்டி இழுத்துப் போகும் டிரெய்லர்கள். பிக்கப் டிரக்கின் தொட்டிக்குள் கொக்கி மாட்டி இழுக்கும் உயரமான 'ஃபிப்த் வீல்' இந்தக் கிளையில் சேரும். மடக்கி விரிக்கும் கூடார டிரெய்லரும் அப்படித்தான்.

கார் கூரை ஒரே இரும்புத் தகடு. ஆர்.வி. கூரை அப்படி இல்லை. பெரும்பாலான வண்டிகளில் மெல்லிய ஒட்டுப்பலகையின் மேல் இ.பி.டி.எம். என்ற ரப்பர் விரிப்போ, டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் விரிப்போ ஒட்டப்பட்டிருக்கும். விலை கூடியவற்றில் கண்ணாடியிழை இருக்கும். அந்தக் கூரையில் ஏ.சி.க்கு ஒரு ஓட்டை, காற்றுப்போக்கிக்கு ஒன்று, கழிவுத் தொட்டியின் குழாய்க்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, வெளிச்ச ஜன்னலுக்கு ஒன்று. இத்தனை ஓட்டைகளையும் சுற்றி நீர் புகாமல் காப்பது, பட்டையாகப் பூசிய சீலன்ட் என்ற பசைதான். நாற்பதாயிரம் டாலர் வண்டியின் ஆயுள் இந்தப் பசையை நம்பி இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்ற கேள்வியில் பெரும்பகுதி, இந்தப் பசையை எப்படிக் காப்பது என்ற கேள்விதான்.

நான்கு வகை இடங்கள், இரண்டே விளம்பரச் சொற்கள்

விளம்பரங்களில் 'இன்டோர்', 'அவுட்டோர்' என்று இரண்டு சொற்கள்தான் இருக்கும். உண்மையில் வகை நான்கு.

1. திறந்தவெளி. வேலி போட்ட மைதானம். தரை புல்லாகவோ சரளைக்கல்லாகவோ தாராகவோ இருக்கலாம். வாடகை மிகக் குறைவு.

2. கொட்டகை. மேலே கூரை, பக்கத்தில் சுவர் இல்லை. இதை 'கவர்டு' என்பார்கள். சிலர் இதையே உள்ளிடம் என்று நினைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

3. பொதுக் கிடங்கு. ஒரு பெரிய கட்டடத்துக்குள் பல வண்டிகளை நெருக்கி நிறுத்துவார்கள். கனடாவின் கிராமப்புறங்களில், குளிர்காலத்தில் சும்மா இருக்கும் பண்ணைக் கட்டடங்கள் இப்படி வாடகைக்கு வருவதுண்டு. அக்டோபரில் உள்ளே போனால் ஏப்ரல் அல்லது மே மாதத்தில்தான் வெளியே. நடுவில் உங்கள் வண்டி வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் பத்து வண்டிகளை நகர்த்த வேண்டும். நகர்த்த மாட்டார்கள்.

4. தனி அறை. உங்கள் வண்டிக்கு மட்டும் ஒரு கதவு, ஒரு சாவி. சிலவற்றில் மின் இணைப்பு இருக்கும். இன்னும் சிலவற்றில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்கும். வாடகையில் உச்சம் இதுதான்.

மூன்றாவதும் நான்காவதும் 'இன்டோர்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள தூரம், திறந்தவெளிக்கும் கொட்டகைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஆகவே இடம் பேசும்போது முதலில் கேட்க வேண்டியவை: சூடுபடுத்தப்பட்ட கட்டடமா? தரை சிமெண்டா, மண்ணா? நடுவில் வண்டியைப் பார்க்க வரலாமா?

முதல் எதிரி தண்ணீர்

ஆர்.வி.க்கள் முன்கூட்டியே சாவதற்கு முதல் காரணம் தண்ணீர். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கூரைப் பசையில் முடி அளவு வெடிப்பு விழுகிறது. மழைநீர் அதில் இறங்கி ஒட்டுப்பலகையை நனைக்கிறது. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கூரையின் உட்புறத்தில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம் தோன்றும் நாளில், பலகை பல மாதமாக நனைந்திருக்கும். சுவர் வழியாக இறங்கினால் இன்னும் மோசம். பல வண்டிகளின் சுவர், கண்ணாடியிழைத் தகடு, மெல்லிய பலகை, ஃபோம் ஆகிய மூன்றையும் ஒட்டிச் செய்த அடுக்கு. ஈரம் புகுந்தால் ஒட்டு விடுகிறது, வெளிச்சுவர் அப்பளம் போல உப்புகிறது. இதை அடுக்குப் பிரிதல் என்று சொல்லலாம். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் சுவரைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதும் கையால் அமுக்கிப் பார்ப்பதும் இதற்குத்தான். உப்பிய சுவரை முழுதாகச் சரிசெய்ய ஆகும் செலவு, பல நேரம் வண்டியின் விலையையே நெருங்கிவிடும்.

குளிர்நாட்டில் தண்ணீருக்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. உறையும்போது அது சுமார் 9 சதவீதம் விரியும். வெடிப்புக்குள் பகலில் உருகி இறங்கி, இரவில் உறைந்து விரிந்து, மறுநாள் இன்னும் ஆழமாக இறங்கும். நவம்பரில் முடியளவு இருந்த வெடிப்பு மார்ச்சில் நகம் நுழையும் அளவு ஆகிவிடும்.

பனியின் எடையையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 30 அடி நீளம், 8 அடி அகலக் கூரை என்றால் 240 சதுர அடி, ஏறக்குறைய 22 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு அடி உயரம் படிந்து இறுகிய பனி, கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 1300 கிலோவைத் தாண்டும். ஒரு சிறிய காரைத் தூக்கிக் கூரைமேல் வைத்ததற்குச் சமம். பனிமேல் மழையும் பெய்தால் எடை இன்னும் ஏறும்.

இவற்றையெல்லாம் பார்த்தால், மேலே ஒரு கூரை இருப்பது பெரிய வரம். மழையும் பனியும் கூரைப் பசையைத் தொடுவதே இல்லை. கொட்டகை கூட இந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும்.

இங்கேதான் அந்தப் பாதி உண்மையின் மறுபாதி வருகிறது. மூடிய இடம் என்றால் உலர்ந்த இடம் என்று பொருள் இல்லை. 20 டிகிரி செல்சியஸ் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் தாங்குவது 5 கிராமுக்கும் குறைவு. சூடேற்றாத ஒரு கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க உள்ளே நிற்கும் வண்டியின் இரும்புச் சட்டமும் அலுமினியமும் சில்லென்று ஆகிவிட்டன. மார்ச்சில் ஒரு நாள் வெயில் அடிக்கிறது, ஈரமான இளஞ்சூட்டுக் காற்று கதவிடுக்கு வழியாக நுழைகிறது. குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல, அந்தக் காற்றின் நீராவி துளித்துளியாகப் படிகிறது. வெளியே நிற்கும் வண்டிக்கும் இது நடக்கும். ஆனால் அங்கே மதியத்துக்குள் காற்றும் வெயிலும் உலர்த்திவிடும். மூடிய கிடங்கில் உலர்த்த யாரும் இல்லை.

தரை மண்ணாக இருந்தால் இது இரட்டிப்பாகும். மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், போக வழி இருக்காது. வண்டிகள் பனியோடு உள்ளே வந்து, உருகி, பக்கத்து வண்டியின் அடியில் குளமாக நிற்பதும் உண்டு. ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மெத்தை, திரைச்சீலை, அலமாரியின் உட்புறம் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். காற்றோட்டம் இல்லாத மண்தரைக் கிடங்கைவிட, நல்ல சரளைத் தரையில் காற்று வீசும் திறந்தவெளி மேல் என்பது என் முடிவு. பணம் கூடக் கொடுத்துப் பூஞ்சையை வாங்கிவர வேண்டியதில்லை.

இன்னொன்று: ஏற்கெனவே ஈரம் புகுந்த வண்டியை அப்படியே உள்ளே தள்ளிவிடக் கூடாது. "இனிமேல் மழை படாதே, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். உள்ளே சிக்கிய ஈரம் ஆறு மாதம் பலகையை அரித்துக்கொண்டே இருக்கும். ஈரமானிக் கருவி ஒன்று சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது. சுவரோரங்களிலும் ஜன்னல் அடிகளிலும் வைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் உலர்த்திச் சரிசெய்த பிறகுதான் எந்த இடமாக இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது எதிரி வெயில்

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஊரில் மழை பெரிய கவலை இல்லை. அங்கே வண்டியைத் தின்பது புற ஊதாக் கதிர். அது கூரைப் பசையைக் காயவைத்து வெடிக்கச் செய்கிறது. வெளிச்சுவரின் பளபளப்புப் பூச்சு சுண்ணாம்பு தடவியது போல வெளுக்கிறது, ஒட்டுப்படங்கள் சுருள்கின்றன, ஜன்னல் ரப்பர் கல்லாகிறது.

டயருக்கும் இதில் பங்கு உண்டு. டயர் ரப்பரில் ஒரு மெழுகு கலந்திருக்கும். டயர் உருளும்போது அந்த மெழுகு மேலே கசிந்து ஓசோனிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் காக்கும். நின்றே இருக்கும் டயரில் மெழுகு மேலே வருவதில்லை, பக்கச்சுவரில் நுண்ணிய பிளவுகள் விழுகின்றன. ஆகவே டிரெய்லர் டயரைக் கட்டை தேய்வதைப் பார்த்து மாற்றுவதைவிட வயதைப் பார்த்து மாற்றுவதே முறை. ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 2321 என்றிருந்தால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். கொரோனா காலத்து வண்டியை வைத்திருப்பவர்கள் இதை இன்றே போய்ப் பார்ப்பது நல்லது.

வெயிலை மறைக்க நான்கு சுவர் தேவையில்லை, மேலே நிழல் போதும். அதனால்தான் அரிசோனா, நெவாடா, தெற்குக் கலிஃபோர்னியா பக்கம் கொட்டகை இடங்கள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. அந்த ஊர்களில் குளிரூட்டாத மூடிய தகரக் கிடங்கு கோடையில் அடுப்பாகிவிடும். காற்றோடும் கொட்டகை அதைவிட நன்றாக வேலை செய்யும், வாடகையும் குறைவு.

உறைகுளிர்: உள்ளே நிறுத்தினாலும் தப்பாது

சூடேற்றாத கிடங்கில் வெளியே மைனஸ் 20 என்றால், உள்ளேயும் சில நாளில் கிட்டத்தட்ட அதே குளிர்தான். காற்று வீசாது, பனி விழாது, அவ்வளவுதான் வேறுபாடு. குழாயில் தண்ணீர் இருந்தால் உறைந்து வெடிக்கும். "இன்டோரில்தானே நிற்கிறது" என்று குழாயைக் காலிசெய்யாமல் விட்டவர்கள், வசந்தத்தில் பம்பைப் போட்டதும் சுவருக்குள் தண்ணீர் பீச்சுவதைப் பார்க்க நேர்கிறது.

எங்கே நிறுத்தினாலும் குளிர்நாட்டில் செய்ய வேண்டியவை இவை:

1. நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள், வெந்நீர்த் தொட்டி அனைத்தையும் காலிசெய்ய வேண்டும்.

2. வெந்நீர்த் தொட்டிக்குள் திரவம் போகாதபடி அதன் மாற்றுவழி வால்வைத் திருப்பிவிட்டு, ஆர்.வி.க்கென்று விற்கும் ஆன்டிஃப்ரீஸ் என்ற இளஞ்சிவப்பு உறையாத் திரவத்தைக் குழாய் முழுக்கச் செலுத்த வேண்டும். அது புரோபிலீன் கிளைகோல் கலவை. கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகோல் விஷம், குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது.

3. கழுவுதொட்டிகளின் வளைகுழாய்களிலும் கழிப்பறையிலும் அதே இளஞ்சிவப்புத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். வெளிப்புற ஷவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், முதலில் வெடிப்பது அதுதான்.

பேட்டரி தனிக் கதை. முழுதாகச் சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. அதே பேட்டரி காலியாகிவிட்டால் மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து உடல் வெடிக்கலாம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டாலும் எரிவாயு எச்சரிக்கைக் கருவி போன்றவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதோ, தொடர் சார்ஜரில் வைப்பதோ அவசியம். லித்தியம் பேட்டரி என்றால் வேறு விதி: பொதுவாக 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளுக்குள் கெட்டுவிடும்.

இங்கே திறந்தவெளிக்கு ஒரு சாதகமும் உண்டு. கூரையில் சோலார் தகடு இருந்தால், பனியில்லாத ஊரில் ஆண்டு முழுவதும் அதுவே பேட்டரியை நிரப்பி வைக்கும். கிடங்கின் இருட்டில் சோலார் வெறும் கண்ணாடி.

எலி, குளவி, திருடன்

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும். ஆர்.வி.யின் அடிப்பகுதியில் குழாயும் ஒயரும் நுழையும் இடங்களில் அப்படி எத்தனையோ இடுக்குகள். கிடங்கு, அதிலும் தானியம் வைத்திருந்த பண்ணைக் கட்டடம், எலிக்குச் சொந்த வீடு. ஆகவே உள்ளே நிறுத்துகிறவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரும்புப் பஞ்சால் இடுக்குகளை அடைப்பதும், உணவுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் துடைப்பதும் பலன் தரும். வாசனைப் பொட்டலங்களை நான் பெரிதாக நம்பமாட்டேன்.

வெளியே நின்றால் குளவியும் சிலந்தியும் ஹீட்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் காற்றுத் துளைகளில் கூடு கட்டும். அடைபட்ட துளையோடு எரிவாயுவைப் பற்றவைப்பது ஆபத்து. கம்பிவலை மூடிகள் கடையில் கிடைக்கின்றன.

திருட்டைப் பொறுத்தவரை, பூட்டிய கட்டடம் பாதுகாப்பானது என்பதில் சந்தேகம் இல்லை. டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது, கொக்கி மாட்டினால் போய்விடும். வெளியே நிறுத்துகிறவர்கள் கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் இரண்டுமே போட வேண்டும். கிளாஸ் ஏ, கிளாஸ் சி வண்டிகளில் எஞ்சின் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் என்ற பாகத்தை அறுத்துக்கொண்டு போகிறார்கள். வண்டி உயரமாக இருப்பதால் அடியில் புகுவது சுலபம்.

உயரம், வாடகை, கணக்கு

உள்ளிடம் பேசப் போகுமுன் வண்டியின் உயரத்தை ஏ.சி. உச்சியோடு சேர்த்து அளந்துகொள்ளுங்கள். ஃபிப்த் வீலும் பெரிய கிளாஸ் ஏ வண்டியும் 13 அடியைத் தொடும். 12 அடிக் கதவுள்ள இடத்தில் பேச்சே இல்லை. விற்பனைத் தாளில் உள்ள நீளத்தையும் நம்பக் கூடாது. கொக்கி, பின் ஏணி, சைக்கிள் தாங்கி எல்லாம் சேர்த்து நீங்களே டேப் வைத்து அளப்பது நல்லது.

வாடகை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே முறையை மட்டும் காட்ட, எண்களை நானே வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். திறந்தவெளி மாதம் 80 டாலர், கிடங்கு மாதம் 250 டாலர், எட்டு மாதம் நிறுத்துகிறீர்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 1360 டாலர், பத்தாண்டுக்கு 13,600.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கூரைப் பசை அடிக்கடி புதுப்பிக்க வேண்டாம், பூச்சு மங்காது, வண்டியை மூடும் போர்வை வாங்க வேண்டாம், விற்கும்போது கொஞ்சம் கூடுதல் விலை. 90,000 டாலர் கிளாஸ் சி என்றால் இது தாராளமாகக் கட்டுப்படியாகும். பத்து வயதான 12,000 டாலர் டிரெய்லர் என்றால் வாடகையே வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் கூரையைப் பார்த்துப் பசையைப் புதுப்பித்தால் வண்டி நன்றாகவே இருக்கும். வண்டியின் இன்றைய விலையை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான். வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் தேவைக்கு மேல் செலவழித்துவிடுகிறார்கள்.

போய்வரும் தூரத்தையும் சேர்க்க வேண்டும். மலிவான கிடங்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தால், வார இறுதிப் பயணம் ஒவ்வொன்றிலும் அரை நாள் போய்விடும். அப்புறம் பயணமே குறைந்துவிடும். மாதம் இரண்டு முறை வண்டியை எடுக்கிறவர்களுக்கு, பக்கத்தில் உள்ள திறந்தவெளியே சரி.

ஒப்பந்தத் தாளில் ஒளிந்திருப்பவை

1. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இடத்தை வாடகைக்கு விடுகின்றன, வண்டியைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்பதில்லை. கூரை சரிந்தாலும் எலி கடித்தாலும் உங்கள் காப்பீட்டைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

2. நிற்கும் காலத்துக்கு மோதல் காப்பீட்டை நிறுத்திவைத்து, தீ, திருட்டு, ஆலங்கட்டி போன்றவற்றுக்கான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. பணம் மிச்சமாகும். ஆனால் திரும்பச் சேர்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியையும் கேட்க வேண்டும்.

3. மெல்ல மெல்லக் கசிந்த நீர், பூஞ்சை, எலி ஆகியவற்றால் வரும் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் 'பராமரிப்புக் குறை' என்று ஒதுக்கிவிடும். மேலே சொன்ன முதல் எதிரிக்குக் காப்பீடு இல்லை என்பதே இதன் பொருள்.

4. புரொபேன், அதாவது வண்டியின் அடுப்பும் ஹீட்டரும் எரியும் எரிவாயு. காற்றைவிடக் கனமான வாயு, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். ஆகவே மூடிய இடங்கள் பலவும் சிலிண்டரைக் கழற்றிவிட்டு வரச் சொல்கின்றன. டிரெய்லரில் அது சுலபம். எஞ்சின் வண்டிகளில் தொட்டி அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்டிருப்பதால் கழற்ற முடியாது. அந்த இடத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

5. வாடகை பாக்கி விழுந்தால் அறிவிப்புக் கொடுத்து வண்டியை விற்கும் உரிமையை அமெரிக்க மாநிலங்கள் பலவும் இட உரிமையாளருக்குக் கொடுத்திருக்கின்றன. ஆறு மாதம் ஊரில் இல்லாதவர்கள் தானியங்கிக் கட்டணம் வைத்துவிட்டுப் போவது நல்லது.

எந்த ஊருக்கு எது

பாலைவனத் தென்மேற்கு: கொட்டகை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஒன்டாரியோ, மானிட்டோபா, மினசோட்டா போன்ற பனிநாடுகள்: வண்டி புதிது, விலை கூடியது, குளிர்காலத்தில் தொடப்போவதில்லை என்றால் சிமெண்ட் தரையுள்ள கிடங்கு. சூடேற்றிய இடத்துக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. குழாயையும் பேட்டரியையும் தயார்செய்துவிட்டால் குளிர் வண்டியை ஒன்றும் செய்யாது. பழைய வண்டி என்றால் திறந்தவெளி, ஆனால் பனியை இறக்க ஆள் வேண்டும்.

பசிபிக் வடமேற்கு, அதாவது சியாட்டில், வான்கூவர் பக்கம்: குளிர் மிதம், மழை விடாது. பாசியும் பூஞ்சையும் பிடிக்கும் ஊர். கூரை கட்டாயம், காற்றோட்டம் அதைவிடக் கட்டாயம். மின் இணைப்போடு இடம் கிடைத்தால் உள்ளே ஒரு ஈர உறிஞ்சியை ஓடவிடலாம்.

கால்கரி, கொலராடோ, டெக்சாஸ்: ஆலங்கட்டி. 2024 ஆகஸ்ட் 5 அன்று கால்கரியில் பெய்த ஆலங்கட்டி மழையின் காப்பீட்டுச் சேதம் மட்டும் 200 கோடி கனடிய டாலரைத் தாண்டியது. ஆர்.வி. கூரையில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளும் வெளிச்ச ஜன்னலும் முதல் கல்லுக்கே நொறுங்கும். இந்த ஊர்களில் வண்டியைக் கோடையிலும் கூரைக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் கிடங்கு எடுத்துவிட்டு, ஆலங்கட்டிப் பருவத்தில் வெளியே நிறுத்துவதில் பயன் குறைவு.

ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரை: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். இங்கே கூரையைவிட இடத்தின் மேடுதான் முக்கியம். வெள்ளம் ஏறும் தாழ்வான இடத்தில் இருக்கும் அழகான கிடங்கைவிட, மேட்டில் உள்ள மைதானம் மேல். புயல் வந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு உள்நாட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பாரா என்பதையும் கேட்க வேண்டும்.

திறந்தவெளிதான் முடியும் என்றால்

பலருக்கும் கையில் உள்ள பணத்துக்கு இதுதான் முடியும். கவலைப்பட வேண்டியதில்லை, கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

1. நிறுத்துமுன் கூரைமேல் ஏறிப் பசையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். வெடித்த இடத்தில், உங்கள் கூரை விரிப்புக்கு ஒத்துப்போகும் சீலன்டையே பூச வேண்டும். கண்ட சிலிகானைப் பூசினால் அடுத்த முறை எதுவும் அதன்மேல் ஒட்டாது.

2. நீலத் தார்ப்பாய் வேண்டாம். அடியில் ஈரத்தைச் சிறைப்பிடிக்கும், காற்றில் அடித்து அடித்துப் பூச்சைத் தேய்க்கும். காற்றுப் புகும் துணியில் செய்த ஆர்.வி. போர்வையை, கூரான மூலைகளில் பழைய துணி சுற்றிய பிறகு போடலாம்.

3. புல்தரையைத் தவிர்த்து, சரளையோ தாரோ உள்ள இடத்தைக் கேளுங்கள். டயருக்கு அடியில் பலகை வைத்து, வெயில் படாமல் மூடி போடுங்கள்.

4. வண்டியின் ஒரு முனையைச் சற்றே உயர்த்தி நிறுத்தினால் கூரையில் நீர் தேங்காது. மேல் மட்டமாக இருக்கும் ரப்பர் கூரைக்கு இது பெரிய உதவி.

5. நீட்டி மடக்கும் ஸ்லைடு அறைகளை உள்ளே இழுத்துவிட வேண்டும். இழுக்குமுன் அவற்றின் மேல் உள்ள இலைகளைக் கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குப்பை உள்ளே வந்து ரப்பர் விளிம்பைக் கிழிக்கும்.

6. மாதம் ஒருமுறை போய் உள்ளே ஏறிப் பாருங்கள். முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். புளித்த ஈர வாசனை வந்தால் எங்கோ நீர் புகுந்திருக்கிறது. அலமாரிகளைத் திறந்து மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். கறை தெரியுமுன் வாசனை வரும், அந்த நேரத்தில் பிடித்தால் ஒரு குழாய் சீலன்டோடு வேலை முடிந்துவிடும்.